ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் (1918 – 2004): ஓடிய தாய்

நூற்றாண்டு மலருக்கு விளையாட்டுத் துறை சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். பாடசாலை பெற்ற கேடயங்களின் பட்டியல் வேறு பக்கத்தில் வருகிறது. அதிபர்களின் வரலாறு வேறு கைகளில் இருக்கிறது. எங்களுக்கு விடப்பட்டது ஒரு பெரிய வீராங்கனையின் வாழ்க்கைச் சரித்திரம். யாரை எழுதுவது என்று, ஒருகாலத்தில் மைதானத்தில் ஒன்றாக நின்ற நாங்கள் ஐந்து பேர் தொலைபேசியில் பலநாள் பேசினோம். மூவர் ஊரில், ஒருவர் கனடாவில், ஒருவர் மெல்பேர்ணில்.

முடிவைத் தந்தது வேறொரு சம்பவம். சங்கத்தின் கிளைகள் எல்லாம் சேர்ந்து சூமில் நடத்திய கூட்டத்தின் முடிவில், வெளிநாடொன்றில் சம்பளத்துக்கு விளையாடும் எங்கள் தங்கை ஒருத்தி பேச அனுமதி கேட்டாள். வயது முப்பத்தொன்று. திருமணமாகி நான்கு வருடம். கழகத்துடனான ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது. இப்போது பிள்ளை பெற்றால் ஒப்பந்தம் போய்விடும். இன்னும் மூன்று வருடம் பொறுத்தால் பிள்ளை கிடைக்காமற் போகுமோ என்று பயமாக இருக்கிறது. அக்காமார் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று அக்காமார் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்றும் மூன்று விதம்.

எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. கலியாண எழுத்து முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றினோம். எங்களுள் மிக வேகமாக ஓடியவர் வென்ற கிண்ணம் இப்போது அவர் வீட்டுச் சாமியறையில் திருநீறு வைக்கப் பயன்படுகிறது. அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். எங்களுக்குத்தான் கொஞ்சம் குறை.

அதனால்தான் ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் அம்மையாரைத் தெரிந்தெடுத்தோம். தங்கையின் கேள்விக்கு அவர் வாழ்க்கை நேரான பதில் தரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியை உலகம் முழுவதும் பார்த்திருக்க முதன்முதலாக ஓடிக் காட்டியவர்களுள் அவர் ஒருவர்.

ஒல்லாந்தரை நாம் கோட்டையாலும் வரலாற்றுப் புத்தகத்தாலும் அறிவோம். அந்த ஒல்லாந்து நாட்டில், பார்ன் என்ற பட்டினத்துக்கு அருகில் லாஹ வுர்ஸ்ஹ என்னும் சிற்றூரில், 1918 ஏப்ரல் 26ஆம் திகதி பிறந்தார் ஃபிரான்சினா எல்ஸ்ஜே கூன். கூன் என்பது தந்தை வழிப் பெயர். நம் மொழியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், நிமிர்ந்த நடை. தந்தை கமக்காரர்; குண்டு போடுதலிலும் பரிதிவட்டம் எறிதலிலும் போட்டியிட்டவர். கூடப் பிறந்தவர்கள் ஆண்பிள்ளைகள். மகள் நீந்தினாள், ரெனிஸ் விளையாடினாள், பனியில் சறுக்கினாள், வாள்வீச்சும் பழகினாள். எதில் நிலைப்பது என்ற கேள்வி வந்தபோது நீச்சற் பயிற்றுநர் நல்ல கணக்கொன்று போட்டுக் கொடுத்தார். நாட்டில் சிறந்த நீச்சல் வீராங்கனைகள் ஏற்கனவே பலர் இருக்கிறார்கள். ஓட்டத்தில் இடம் காலியாக இருக்கிறது, அங்கே போ என்றார்.

1935இல் ஓடத் தொடங்கியவர் தமது மூன்றாவது போட்டியிலேயே 800 மீற்றரில் தேசிய சாதனை படைத்தார். ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் இல்லை. 1928இல் அம்ஸ்ரர்டாமில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டு, பெண் உடம்பு அதைத் தாங்காது என்று நீக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல். பெண்ணின் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அந்த உடம்புக்குச் சொந்தமில்லாதவர்கள் தீர்மானித்த காலம் அது.

1936இல் பதினெட்டு வயதில் பேர்லின் ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிலும் அஞ்சலோட்டத்திலும் பங்குபற்றினார். பதக்கம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஜெசி ஓவன்ஸின் கையெழுத்து. அதைக் கடைசிவரை பொக்கிஷமாக வைத்திருந்தார். 1938இல் 100 யார் ஓட்டத்தில் 11.0 செக்கன் ஓடி முதலாவது உலக சாதனை. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் இரண்டு வெண்கலம். அடுத்த ஒலிம்பிக் 1940இல் வரவிருந்தது. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதாகியிருக்கும். ஓட்டக்காரிக்கு அதைவிட நல்ல வயது வேறில்லை.

அந்த ஒலிம்பிக் நடக்கவில்லை. 1940 மே மாதம் ஜேர்மனியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஓகஸ்ட் 29ஆம் திகதி ஃபனி தமது பயிற்றுநர் யான் பிளாங்கர்ஸை மணந்தார். யான் 1928 ஒலிம்பிக்கில் முப்பாய்ச்சல் பாய்ந்தவர், விளையாட்டுப் பத்திரிகையாளர், மனைவியைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பெண்கள் போட்டிகளில் இறங்குவதே சரியல்ல என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தவரும் அவரேதான். மனம் மாற ஒரு கெட்டிக்காரப் பெண் தேவைப்பட்டாள் போலும்.

முதற்பிள்ளை, ஆண்பிள்ளை, போர்க்காலத்திலேயே பிறந்தது. இனி அவ்வளவுதான் என்று பத்திரிகைகள் எழுதின. கலியாணம் கட்டியவள் ஓடுவதே அரிது, தாயானவள் ஓடுவது நினைக்கவும் முடியாதது என்பது அக்கால எண்ணம். சில வாரங்களில் அவர் பயிற்சிக்குத் திரும்பினார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து மைதானத்துக்குக் கொண்டு போனார். தாய் ஓடப் பிள்ளை நீளம் பாய்தல் மணற்குழியில் விளையாடும். 1942க்கும் 1944க்கும் இடையில் ஆறு உலக சாதனைகள் படைத்தார். 1943 மே மாதத்தில் உயரம் பாய்தலில் 1.71 மீற்றர், செப்ரெம்பரில் நீளம் பாய்தலில் 6.25 மீற்றர். நீளம் பாய்தல் சாதனையை 1954 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அந்நியப் படை நாட்டை ஆண்டுகொண்டிருந்தது, சாமான்கள் பங்கீட்டு அட்டைக்குத்தான், கையில் பிள்ளை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு பாய்ந்த பாய்ச்சல்கள் அவை. எங்களுள் பங்கீட்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1944இல் வரவேண்டிய ஒலிம்பிக்கும் இல்லாமற் போனது. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஃபனி அம்மையார் பிள்ளை பெறும் காலத்தை விளையாட்டோடு எப்படிப் பொருத்தித் திட்டமிட்டார் என்று இப்போது பலர் வியந்து கேட்கிறார்கள். நாங்கள் பார்த்த வரையில் திட்டமிட்டது அவரல்ல, போர். இருபத்திரண்டு வயதிலும் இருபத்தாறு வயதிலும் அவருக்கு உரியதாக இருந்த இரண்டு ஒலிம்பிக்கையும் போர் தின்றது. அந்த இடைவெளிக்குள் பிள்ளைகள் வந்தார்கள். போர் இல்லாதிருந்தால் எப்போது பெற்றிருப்பார், பெற்றிருந்தால் மறுபடி ஓட விட்டிருப்பார்களா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத கணக்கு.

குடும்பத் திட்டமிடல் என்ற சொல்லே அந்நாட்டில் அப்போது மெல்லப் பேசப்பட வேண்டிய சொல். அம்ஸ்ரர்டாமில் 1880களிலேயே அலெற்றா யாக்கோப்ஸ் என்ற பெண் வைத்தியர் ஏழைத் தாய்மாருக்குக் கருத்தடை ஆலோசனை வழங்கியிருந்தார். ஆனால் 1911ஆம் ஆண்டின் ஒழுக்கச் சட்டம் கருத்தடைச் சாதனங்களைக் கடையில் காட்சிக்கு வைப்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுத்துவிட்டது. கருத்தடை மாத்திரை சந்தைக்கு வந்தது 1960இல். ஃபனி ஓய்வு பெற்ற பிறகு. அரசாங்க வேலையிலிருந்த பெண் கலியாணம் கட்டினால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். கணவனின் சம்மதமில்லாமல் மனைவி வங்கியில் கணக்குத் திறக்கவும் முடியாது. அந்தச் சட்டம் மாற 1956 ஆகவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாட்டில்தான் ஒரு தாய் தார்ப்பாதையில் அல்ல, சாம்பற்பாதையில், அரைக்காற்சட்டையோடு ஓடினார்.

1944 – 45 மாரிகாலம் ஒல்லாந்தின் பசிமாரி. மேற்கு மாகாணங்களுக்கு உணவு போகாமல் ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். மக்கள் ரியுலிப் பூக்கிழங்கை அவித்துச் சாப்பிட்டார்கள். ஃபனியின் குடும்பம் அம்ஸ்ரர்டாமில் இருந்தது. அந்த மாதங்களில் கருத்தரித்த பெண்களின் தொகை பெரிதும் வீழ்ந்ததைப் பின்னாளில் மருத்துவ ஆய்வாளர்கள் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். உண்ணும் உணவு போதாதபோது உடம்பு முதலில் கருப்பைக்குக் கொடுப்பதை நிறுத்துகிறது. சமாதானம் வந்து, சோறு வந்து, பிறகுதான் ஃபனிக்கு இரண்டாவது பிள்ளை, மகள், பிறந்தாள்.

பட்டினியை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடும் பயிற்சி செய்து போதிய அளவு சாப்பிடாத வீராங்கனைக்கும் இதே கதிதான். செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு போகாவிட்டால் மாதவிடாய் நின்றுவிடும். நின்றால் எலும்பு மெலியும், கருத்தரிப்பதும் கடினமாகும். சர்வதேச ஒலிம்பிக் குழு இதைத் தனி நோயாகப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது 2014இல். எங்கள் காலத்தில் பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் வராவிட்டால் அதை நல்ல சகுனமாகவே கொண்டோம். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள் என்று சொன்ன பயிற்றுநரும் இருந்தார். வீட்டில் சொன்னால் ஓட விடமாட்டார்கள் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். எங்களுள் ஒருவர் பின்னர் பிள்ளைக்காக ஏழு வருடம் வைத்தியசாலை வாசலில் நின்றார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று இன்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் மட்டும் தம் பேத்தியிடம் மாதக் கணக்கைக் கலண்டரில் குறித்து வைக்கும்படி சொல்கிறார்.

1946இல் ஒஸ்லோவில் ஐரோப்பியப் போட்டி. மகள் கைக்குழந்தை. 100 மீற்றர் அரையிறுதியில் விழுந்து முழங்கால் சிராய்த்தது. அந்தக் காலோடு உயரம் பாய்ந்து நான்காவது இடம். மறுநாள் 80 மீற்றர் தடைதாண்டலிலும் அஞ்சலோட்டத்திலும் தங்கம் வென்றார். பிள்ளை பெற்ற உடம்பு ஒரே நாளில் பழைய நிலைக்கு வராது என்பதற்கும், மெல்ல மெல்ல வரும் என்பதற்கும் அந்த இரண்டு நாட்களே சாட்சி.

இனி இலண்டன், 1948. எங்கள் நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் அங்கேதான். யூலை 31ஆம் திகதி வெம்பிளி மைதானத்தில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றதைப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்தோம். இரண்டு நாள் கழித்து அதே பாதையில் ஃபனி ஓடினார் என்பதை எந்த ரீச்சரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

வயது முப்பது; இரண்டு பிள்ளைகள். பிரித்தானிய மெய்வல்லுநர் அணியின் முகாமையாளர் ஜாக் கிரம்ப், இவருக்கு வயது போய்விட்டது என்று எழுதினார். சொந்த நாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. பிள்ளைகளைப் பார்க்காமல் அரைக்காற்சட்டையோடு ஊரூராக ஓடித் திரிகிறாளே என்பதுதான் அவற்றின் சாரம். யான் பிளாங்கர்ஸுக்கும் அதே இரண்டு பிள்ளைகள்தான். அவரும் வீட்டைவிட்டு இலண்டனுக்குத்தான் போனார். அவருக்கு ஒரு கடிதமும் வந்ததாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் ஒன்பது மட்டுமே. ஒருவர் தனிப் போட்டிகளில் மூன்றுக்கு மேல் இறங்கக் கூடாது. ஆகவே உலக சாதனை தம் கையில் வைத்திருந்த உயரம் பாய்தலையும் நீளம் பாய்தலையும் ஃபனி விட்டுவிட்டார். அவர் இல்லாத நீளம் பாய்தலில் தங்கம் வென்ற பாய்ச்சல் 5.69 மீற்றர், அவருடைய சாதனைக்கு அரை மீற்றருக்கும் மேல் குறைவு.

ஓகஸ்ட் 2, 100 மீற்றர். மழையில் சேறான பாதையில் 11.9 செக்கனில் முதலாவது. ஓகஸ்ட் 4, தடைதாண்டல். எதிரே பத்தொன்பது வயது மொரீன் கார்ட்னர், இங்கிலாந்துப் பெண். ஃபனிக்குத் தொடக்கம் பிசகிவிட்டது. துரத்திப் பிடித்தார்; இருவரும் ஒன்றாகவே கோட்டைக் கடந்தார்கள்; இருவருக்கும் 11.2 செக்கன். முடிவு அறிவிக்க முன்னர் பிரித்தானிய தேசிய கீதம் ஒலித்தது. கார்ட்னர் வென்றுவிட்டார் என்றே ஃபனி நினைத்தார். பார்த்தால், அரச குடும்பத்தார் அந்நேரம் மைதானத்துக்குள் வந்திருக்கிறார்கள், கீதம் அவர்களுக்கு. புகைப்படம் ஃபனிக்குத் தங்கம் என்று காட்டியது.

அடுத்தது 200 மீற்றர். எங்கள் மனதைத் தொட்டது இதுதான். அரையிறுதிக்கு முன்னர் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போகிறேன், இனி ஓடவில்லை என்றார். இரண்டு தங்கம் கையில் இருந்த பெண் சொன்னது இது. யான் வந்தார். வற்புறுத்தவில்லை, விரும்பாவிட்டால் ஓட வேண்டாம், பிறகு நினைத்துக் கவலைப்படக் கூடும் என்ற அளவில் பேசி, அழ விட்டு, ஆறவிட்டார் என்பது பதிவு. அவர் எழுந்து ஓடினார். ஓகஸ்ட் 6 இறுதிப் போட்டியில் 24.4 செக்கன், இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையில் 0.7 செக்கன். 200 மீற்றரில் அது கண்ணால் அளக்கக்கூடிய தூரம்.

ஓகஸ்ட் 7, அஞ்சலோட்டம். மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பி வரவில்லை என்று அணியினர் பதறிப்போனார்கள். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தார். ஒல்லாந்து அணியில் ஓடிய நால்வர் பெயரும் பதிவேட்டில் இரட்டைப் பெயர். கணவன் வழிப் பெயரும் தந்தை வழிப் பெயரும் சேர்த்து எழுதுவது அந்நாட்டு வழக்கம். கலியாணம் கட்டியவள் ஓடமாட்டாள் என்று சொன்ன உலகத்தில், கலியாணப் பெயரைச் சுமந்த நால்வர் கோலைக் கைமாற்றினார்கள். கடைசிக் கோல் ஃபனியின் கைக்கு வந்தபோது முன்னே மற்றவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கோட்டில் அவுஸ்திரேலியாவை ஒரு பத்திலொரு செக்கனால் முந்தினார். ஒன்பது போட்டிகளில் நான்கு தங்கம் ஒரே பெண்ணுக்கு.

பறக்கும் இல்லத்தரசி என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. அன்போடு சூட்டியது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஓடிய ஆண்களில் எவரையும் பறக்கும் அப்பா என்று யாரும் எழுதவில்லை. அம்ஸ்ரர்டாமில் நான்கு குதிரை பூட்டிய திறந்த வண்டியில் ஊர்வலம். சனம் தெருவை நிறைத்தது. பரிசாகக் கிடைத்தவற்றில் ஒரு புதிய சைக்கிளும் இருந்தது; இனி இவ்வளவு ஓட வேண்டாம், மெதுவாகப் போகலாம் என்ற பகிடியோடு கொடுத்தார்கள். நல்ல மனதோடு கொடுத்த சைக்கிள்தான். ஆனாலும் முப்பது வயதுப் பெண்ணுக்கு ஊர் சொல்ல விரும்பியது எல்லாம் அந்தப் பகிடிக்குள் இருந்தது.

பணம் வரவில்லை. அமெச்சூர் விதிப்படி ஓட்டத்தால் ஒரு சதமும் சம்பாதிக்கக் கூடாது. இங்கேதான் எங்கள் தங்கையின் நிலை வேறுபடுகிறது. ஃபனிக்கு இழக்கச் சம்பளம் இருக்கவில்லை. கணவனின் வருமானத்தில் வீடு நடந்தது. இன்றைய வீராங்கனைக்கு அது தொழில். அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ் 2018இல் முப்பத்திரண்டாவது வாரத்தில் அவசர சத்திரசிகிச்சை மூலம் மகளைப் பெற்றெடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் அனுசரணை நிறுவனம் முன்னையதைவிட 70 வீதம் குறைவாகத் தர முன்வந்ததை அடுத்த ஆண்டு பகிரங்கமாக எழுதினார். அதே ஆண்டில் அந்நிறுவனம், கர்ப்பகாலத்தையும் பிரசவத்தையும் சேர்த்து 18 மாதங்களுக்குச் சம்பளத்தைக் குறைப்பதில்லை என்று விதியை மாற்றியது. பெண்கள் ரெனிஸ் சங்கம் 2025இல் பிரசவ விடுமுறைக்குப் பணம் கொடுக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. கருமுட்டையை எடுத்து உறைநிலையில் சேமிக்க ஓய்வெடுக்கும் வீராங்கனையின் தரவரிசையையும் பாதுகாக்க அவ்வாண்டிலேயே விதி செய்தது. சேமித்த முட்டை பிள்ளையாவது உறுதியில்லை. எந்த வயதில் சேமிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் விதி விதிதான். கழகத்துடன் கையெழுத்திட முன்னர் தாள்களை ஒரு சட்டத்தரணியிடமும், உடம்பை ஒரு மகப்பேற்று வைத்திய நிபுணரிடமும் காட்டும்படி தங்கைக்குச் சொல்லியிருக்கிறோம். இவை இரண்டுமே ஃபனிக்குக் கிடைக்காதவை.

அவருக்குக் கிடைத்தது ஒத்தாசையான கணவன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். கூட்டியும் சொல்ல மாட்டோம். யான் கணவனும் பயிற்றுநருமாக இருந்தார். வீட்டிலும் அவர் சொல், மைதானத்திலும் அவர் சொல். தடைதாண்டல் இறுதிக்கு முன்னர், நீ கிழவியாகிவிட்டாய் என்று சொல்லியே மனைவியை உசுப்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வேலை செய்தது என்பது உண்மை. எங்கள் வீடுகளில் அதைச் சொல்லிப் பார்க்கும்படி யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம்.

பிள்ளைகளின் பக்கமும் உண்டு. அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு, 2003இல், அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. அதில் காணும் பெண் சிலையாக நிற்கும் பெண்ணல்ல. வெற்றியில் தீராத பசி, உள்ளுக்குள் தன்னம்பிக்கைக் குறைவு, வீட்டில் அன்பை வெளிக்காட்டத் தெரியாத ஒரு இறுக்கம் எல்லாம் அதில் உண்டு. இதை எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. மலரில் குறை எழுதக் கூடாது என்றார் ஒருவர். ஓடாத தாய்மாரிலும் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், அதற்காக அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லையே என்றார் மற்றவர். இரண்டாமவர் சொன்னதால் எழுதுகிறோம்.

1950இல் பிரசல்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் 100, 200, தடைதாண்டல் மூன்றிலும் தங்கம். 1951இல் ஐந்து போட்டிகள் சேர்ந்த ஐவகைப் போட்டியில் கடைசி உலக சாதனை. வயது முப்பத்து மூன்று. 1952 ஹெல்சிங்கியில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தோலில் கட்டி வந்து மருந்து குடித்துக்கொண்டிருந்தார். தடைதாண்டல் இறுதியில் முதலிரண்டு தடைகளில் இடிபட்டு நின்றுவிட்டார். அதில் 10.9 செக்கனில் தங்கம் வென்றவர் அவுஸ்திரேலியாவின் சேர்லி ஸ்ரிக்லண்ட். இலண்டனில் ஃபனி முந்திய அஞ்சலோட்ட அணியில் ஓடியவர். பேர்த்தில் பௌதிகமும் கணிதமும் படிப்பித்தவர். 1953இல் அவருக்கு மகன் பிறந்தான். 1955இல் 100 மீற்றரில் உலக சாதனை. 1956இல் மெல்பேர்ணில், முப்பத்தொரு வயதில், தாயாக வந்து தடைதாண்டலில் மறுபடியும் தங்கம், அஞ்சலோட்டத்திலும் தங்கம். எங்கள் தங்கையின் வயதுதான். ஃபனி திறந்த வழியில் நடந்தவர் என்று சொன்னால் அவர் ஒருவேளை கோபித்திருப்பார். தம் வழியைத் தாமே வெட்டிக்கொண்ட பெண் அவர்.

ஃபனி கடைசியாகப் பட்டம் வென்றது 1955 ஓகஸ்ட் 7ஆம் திகதி, குண்டு போடுதலில், தகப்பனாரின் போட்டி. அது அவருடைய 58ஆவது தேசியப் பட்டம். ஆறு கிழமை கழித்து ஒல்லாந்து நாடாளுமன்றத்தில், மணமான பெண்களை அரசாங்க வேலையிலிருந்து நிறுத்துவதை ஒழிக்கக் கோரி கொரி ரெண்டெலோ கொண்டுவந்த பிரேரணை இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஒன்றால் மற்றது நடந்தது என்று சொல்ல வரவில்லை. திகதிகள் அருகருகே இருப்பதைப் பார்த்தபோது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு நாட்டின் மெய்வல்லுநர் அணித் தலைவியாக மூன்று ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 1972இல் மியூனிக்கில் ஜெசி ஓவன்ஸை மறுபடி சந்தித்தார். உங்கள் கையெழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது என்று சொல்லித் தம் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பெயர் சொல்லத் தேவையில்லை, உங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஓவன்ஸ் மறித்தாராம். 1977இல் யான் காலமானார். 1999இல் மொனாக்கோவில் நூற்றாண்டின் சிறந்த மெய்வல்லுநர் வீராங்கனை என்று அவர் பெயரை வாசித்தபோது, தம்மைத்தான் சொல்கிறார்களா என்று திகைத்துப் போனார். இறுதி ஆண்டுகளில் மறதி நோய் பிடித்தது. 2004 ஜனவரி 25ஆம் திகதி, தாம் வளர்ந்த ஹூஃப்டொர்ப்பில், எண்பத்தைந்தாவது வயதில் கண்மூடினார். ரொட்டர்டாமில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஹெங்கெலோவில் 1981 தொடக்கம் அவர் பெயரால் போட்டி நடக்கிறது.

அதே ஆண்டு பெப்ரவரியில் பேர்த்தில் சேர்லி ஸ்ரிக்லண்டும் காலமானார். மூன்று வருடத்துக்கு முன்னர் அவர் தம் ஒலிம்பிக் பதக்கங்களை ஏலத்தில் விற்றிருந்தார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு காட்டு மரங்களைக் காப்பதற்கு. ஒரு பங்கு பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு.